சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ள மூன்று வழிகள்

ஹான்சலும் கிரெட்டலும் கதையைச் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் தமிழ் நாடகமாகப் போடும்போது முதல் அரைமணி நேரம் எப்படியோ ஒப்பேறிவிடும். பஞ்சத்தால் காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை, பிள்ளைகளைத் தின்னும் சூனியக்காரியின் மிட்டாய் வீடு என்று கதையே இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் கிரெட்டல் சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுகிற ஒன்றரை நிமிடம்தான் ஆளைக் கவிழ்க்கும். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் பின்வரிசையில் நாலு பேர் சிரித்துவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

(பிரதியில் ‘அடுப்பு’ என்றே எழுதுங்கள். ஆங்கில ‘oven’ஐ ‘அவன்’ என்று எழுதிவைத்து, “அவனுக்குள்ள எட்டிப் பாரு” என்று வசனம் வந்தால் சிரிப்பை நீங்களே வாடகைக்கு அழைத்து வந்த மாதிரி.)

கணக்கோடு தொடங்குவோம். 35 நிமிட நாடகம், 14 மாணவர்கள், வசனம் மனப்பாடம், மேடையேற்றத்துக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் இணைப்பாட நடவடிக்கை வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம். அதோடு இரண்டு சனிக்கிழமை, தலா 4 மணி நேரம். ஆக 23 மணி நேரம். விளக்கும் ஒலியும் சேர்ந்த ஒத்திகைக்கு 6 மணி போனால் மிச்சம் 17. முழு நாடகத்தை மூன்று தடவையாவது நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறிப்புச் சொல்வதையும் சேர்த்தால் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி. கைக்கு வருவது பன்னிரண்டரை மணி நேரம். செப்பனிட வேண்டிய எல்லாமே இந்தப் பன்னிரண்டரைக்குள்தான்.

அந்தக் காட்சிக்கு மாணவர் மேடையில் வழக்கமாக எடுக்கப்படுவது மூன்று வழி: மரத்திலோ அட்டையிலோ அடுப்பு செய்துவைப்பது, திரைக்குப் பின்னால் நிழலில் காட்டுவது, மாணவர்களின் உடலையே அடுப்பாக்குவது. எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். மண்டபம் எத்தனை மணிக்கு இருட்டும், திரைக்குப் பின்னால் எத்தனை மீட்டர் இருக்கிறது, எத்தனை பேர் வேலையில்லாமல் பக்கத்திரையில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

அதற்கு முன் தீர்க்க வேண்டியது

அம்மாவா, மாற்றாந்தாயா? கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய். 1840இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பள்ளி நாடகம் என்றதும் பெரும்பாலோர் இரண்டாவதையே எடுக்கிறார்கள். பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். ஆனால் நல்லதங்காள் கதை கேட்ட நமக்கு, பஞ்சம் ஒரு தாயை எங்கே கொண்டு நிறுத்தும் என்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெற்ற தாயாகவே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் சூனியக்காரியையும் ஒரே மாணவி நடிக்கட்டும். பிள்ளைகள் வீடு திரும்பும்போது அம்மா இறந்துபோயிருப்பாள் என்று கதையே சொல்கிறது. ஒரே முகம் இரண்டு வேடத்திலும் வந்தால் பார்வையாளர் மீதியைத் தாமே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

இதற்கு ஒத்திகை நேரம் அதிகம் வேண்டாம். ஒரே ஒரு சைகை போதும். முதல் காட்சியில் அம்மா மகனின் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடித்து, “எலும்பும் தோலுமா ஆயிட்டான்” என்கிறாள். பிறகு கூண்டுக்கு வெளியே நின்று சூனியக்காரி அதே இரண்டு விரலால், அவன் கொழுத்துவிட்டானா என்று அறிய, விரலுக்குப் பதிலாக அவன் நீட்டும் எலும்பை வளைத்துப் பார்க்கிறாள். அவளுக்குத்தான் கண் மங்கலாயிற்றே. இரண்டு இடத்திலும் விரல் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வர வேண்டும். இரண்டாவது தடவை வசனம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று: சூனியக்காரி என்றதும் முகத்தில் கறுப்புப் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல இனத்தவர் சேர்ந்து உட்காரும் மண்டபத்தில் அது வேறு பொருள் தரும். நம் பிள்ளைகளிலேயே நிறத்துக்காகக் கேலிக்கு ஆளானவர்கள் இருப்பார்கள். கூன், கைத்தடி, குரல் போதும்.

பெட்டி அடுப்பு

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியோ, ஒட்டுப்பலகையோ வைத்து 1.2 மீட்டர் உயரத்தில் ஓர் அடுப்பு, உள்ளே சிவப்பு எல்இடி பட்டை. பார்த்ததும் அடுப்பு என்று புரியும். நடிப்பவருக்குக் கைவைக்க ஒரு பொருள் கிடைக்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பார்வையாளர்கள் என்றால், அல்லது பட்டப்பகலில் ஜன்னல் திறந்த மண்டபத்தில் நாடகம் என்றால், இதுவே போதும்.

கெடுவது எங்கே? கதவு. வெளிப்பக்கம் திறக்கும் கதவு தள்ளுபவளின் முழங்காலில் இடிக்கும். உட்பக்கம் திறந்தால் உள்ளே போனவளின் முதுகில் சிக்கும். பக்கவாட்டில் நகரும் கதவு செய்தால் ஓரளவு தப்பலாம். அடுத்து, உள்ளே போனவள் எங்கே போவாள்? பின்புறம் திறப்பு வைத்துப் பக்கத்திரைக்குத் தவழ வழிசெய்யாவிட்டால், அடுத்த காட்சி முழுக்க அடுப்பு மூச்சுவிட்டு அசையும். பள்ளி மண்டபத்தில் மறுநாள் காலை ஒன்றுகூடல் இருக்கும் என்பதால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் தூக்கிவைத்து எடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் மூலைகள் நசுங்கிவிடும். செய்ய ஆகும் நேரத்தைவிடக் காப்பாற்ற ஆகும் நேரம் அதிகம். பெரிய மாணவர்கள் பார்க்கும் நாடகத்துக்கு இது வேண்டாம் என்பதே நம் கருத்து. வண்ணம் பூசிய பெட்டிக்குள் ஒருத்தி தவழ்ந்து போவதைப் பார்த்துப் பதினாறு வயசுக்காரர் எவரும் பயப்படப்போவதில்லை.

நிழல்

தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்திலும் மலாய்க்காரர்களின் நிழற்பாவைக் கூத்தான வாயாங் கூலிட்டிலும் வழக்கமாக ஒரே ஒரு விளக்குதான். அந்த ஒற்றை விளக்கை மறப்பதால்தான் பல பள்ளி நிழல் காட்சிகள் சாம்பல் பூத்துப்போகின்றன.

நிழலின் கூர்மை விளக்கின் பிரகாசத்தால் வருவதில்லை. விளக்கு முகம் எவ்வளவு சின்னது என்பதில் இருக்கிறது. நடிப்பவர் விளக்குக்கும் திரைக்கும் சரிபாதியில் நிற்கிறார் என்றால், நிழலின் ஓரம் விளக்கு முகத்தின் அகலத்துக்கே மங்கும். விளக்கு முகம் 2 செ.மீ. என்றால் மங்கலும் 2 செ.மீ.; மூக்கும் விரலும் தெளிவாகத் தெரியும். 20 செ.மீ. முகம் கொண்ட மேடை விளக்கை வைத்தால் 20 செ.மீ. ஓரம் கரைந்து, சூனியக்காரி பஞ்சு மூட்டை ஆகிவிடுவாள். பல சின்ன எல்இடிகள் அடுக்கிய பலகை விளக்கு இன்னும் மோசம். ஒவ்வொன்றும் ஒரு நிழல் போட்டு ஆளுக்குப் பத்துக் கை முளைக்கும்.

பள்ளியில் எளிதாகக் கிடைக்கும் நல்ல விளக்கு, கையில் தூக்கக்கூடிய புரொஜெக்டர். அதன் வில்லை சின்னது என்பதால் நிழல் கத்தி மாதிரி விழும். மடிக்கணினியில் வெறும் மஞ்சள் கலந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். அதற்கு முன் மடிக்கணினியின் உறக்க நேரத்தையும் புரொஜெக்டரின் தானியங்கி அணைப்பையும் நிறுத்துங்கள். இதை மறந்தால், கிரெட்டல் கை ஓங்கும் நேரம் பார்த்துத் திரை நீலமாகி ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும்.

அளவுகள் இப்படி. திரை 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். விளக்கு திரைக்குப் பின்னால் 4 மீட்டர் தள்ளி, தரையிலேயே. தரையில் இருந்தால் பாதம் அடியிலேயே நிற்க, ஆள் மேல்நோக்கி வளர்வாள். திரையை ஒட்டி நின்றால் நிழல் ஆளளவு. விளக்கிலிருந்து 2 மீட்டரில் நின்றால் இரண்டு மடங்கு, 1 மீட்டரில் நின்றால் நான்கு மடங்கு. ஆகவே திரையிலிருந்து பின்னால் நடக்கும் முதல் 2 மீட்டரில் நிழல் ஒரு மடங்குதான் கூடும். அடுத்த ஒரே மீட்டரில் இன்னும் இரண்டு மடங்கு பொங்கும். மாணவர்கள் சீராகப் பின்வாங்கி நடந்தால் நிழல் சோம்பலாகத் தொடங்கிக் கடைசியில் திடீரென்று வெடிப்பது இதனால்தான். தரையில் அரை மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டி, கடைசி இரண்டு கட்டத்தை மட்டும் பாதி வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள்.

1.6 மீட்டர் உயரப் பெண் நிமிர்ந்து நின்றால் ஒன்றரை மடங்கிலேயே தலை திரையைத் தொட்டுவிடும். கூனிக்குறுகி 1 மீட்டர் உயரத்தில் வந்தால் விளக்கிலிருந்து ஏறத்தாழ 1.7 மீட்டர் வரை வரலாம். எனவே சூனியக்காரி முதலில் கூனியாகவே பெரிதாகட்டும். தள்ளப்படும் நொடியில் நிமிரட்டும். அப்போது தலையும் தோளும் திரைக்கு மேலே மறைந்து, வயிறும் துழாவும் இரண்டு கையும் மட்டும் திரையை அடைக்கும். முகம் தெரியாத அந்த உருவம் முழு உருவத்தைவிடப் பயங்கரம். பக்கத் தோற்றத்தில் நிற்பது முக்கியம். நேராக நின்றால் கூனும் தெரியாது, மூக்கும் தெரியாது, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்.

எலும்பு, சாவி மாதிரிச் சின்னப் பொருள்களைத் திரையை ஒட்டியே பிடிக்க வேண்டும். பாவைக்கூத்தில் பாவையைத் துணியோடு அழுத்திப் பிடிப்பதும் இதற்காகத்தான். துணியை ஒட்டியிருந்தால் எந்த விளக்கிலும் ஓரம் தெளிவாக விழும்.

துணிக்கு வெள்ளைப் பருத்தி. பளபளக்கும் பாலியெஸ்டர் முன்பக்க வெளிச்சத்தை எல்லாம் திருப்பி அடிக்கும். அராப் ஸ்திரீட்டில் துணி வாங்கி இரண்டு அகலத்தை ஒட்டித் தைத்தால் தையல் கோடு கறுப்பாகத் தெரியும். பெரிய கட்டில் விரிப்பாகப் பார்த்து வாங்கினால் தையலே வராது. நன்றாக இஸ்திரி போட்டு, கீழ் மடிப்புக்குள் ஒரு கம்பைச் செருகி இறுக்குங்கள். நம் மண்டபங்களின் குளிர்சாதனம் இருக்கிறதே, அது நேராகத் திரைமேல் அடித்தால் மிட்டாய் வீடு கப்பல் மாதிரி ஆடும். கம்பின் எடை அதைப் பிடித்துவைக்கும். தரையிலுள்ள விளக்கு துணி வழியாக ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் குத்தும். திரையின் அடியில் அரை மீட்டர் உயரத்துக்குப் புதர் வடிவில் கறுப்பு அட்டை வைத்து மறைக்கலாம்.

இத்தனையும் சரியாக அமைந்தும் நிழல் தோற்கும் இடம் ஒன்று உண்டு: வெளிச்சம். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். பிற்பகல் 3 மணிக் காட்சி என்றால், காற்றோட்டத்துக்காகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்துக் கட்டிய மண்டபத்தில் நிழல் என்பது வெறும் ஆசை. மாலை 7.30 காட்சி என்றால் தைரியமாக இறங்கலாம். ஆனால் இணைப்பாட நடவடிக்கை நடப்பதென்னவோ பிற்பகலில், வகுப்பறையில்! நிழலை நிழலாகப் பார்க்கவே முடியாமல் இரண்டு வாரம் ஓடிவிடும். ஒரு சனிக்கிழமையையாவது ஜன்னலில்லாத அறையில் போடுங்கள். அதைச் செய்ய முடியாது என்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். குட்மன் கலை மையத்தில் இருப்பது மாதிரி கறுப்புப் பெட்டி அரங்கு (சுவரெல்லாம் கறுப்பாக, வெளிச்சம் புகாத சின்ன அரங்கு) கிடைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் அளக்க வேண்டியது ஆழத்தை மட்டும்: பின்னால் 4 மீட்டர், முன்னால் நடிக்க குறைந்தது 2. முன்மேடை விளக்குகள் செங்குத்தாக விழ வேண்டும். சாய்ந்து விழுந்தால் வெளிச்சம் திரையில் பட்டு நிழலைக் கழுவிவிடும்.

இன்னொரு குறை: துணிக்குப் பின்னாலிருந்து வரும் குரல் அமுங்கும், காதோர மைக் இருந்தாலும் திசை தெரியாது. நிழல் பேசக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, வசனத்தை முன்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

லாபம் என்னவென்றால், நிழலில் நடிப்பவரின் முகம் தெரியாது. அதனால் நண்பர் கூட்டம் பெயர் சொல்லிக் கூவாது. மாணவர் நாடகத்தில் இது சின்ன லாபம் இல்லை. மொத்தத்தில் 6 மணி நேர வேலை, அதில் பாதி இருட்டில்.

உடல்

14 பேர் நாடகத்தில் பேசும் பாத்திரம் ஐந்தாறு. மீதிப்பேர், அதாவது கோரஸ், முதலில் காடாக நிற்பார்கள், பிறகு மிட்டாய் வீட்டுச் சுவராக, கடைசியில் அடுப்பாக. செலவு கிடையாது, இருட்டு வேண்டாம், ஆழம் வேண்டாம். வேண்டியது ஒன்பது, பத்து மணி நேரம். அதாவது உங்கள் பன்னிரண்டரையில் முக்கால்வாசி.

வழக்கமாகக் கெடுவது காடுதான். எட்டுப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் இடமும் வலமும் ஆடுவார்கள். அது தேசிய தின அணிவகுப்பில் அலை எழுப்புகிற கூட்டம் மாதிரி இருக்கும். பயப்படுத்தும் மரம் தன்பாட்டுக்கு அசைகிற மரம். இதற்குச் சொற்கட்டு தெரிந்த ஒரு பிள்ளை போதும். பரதமோ மிருதங்கமோ கற்கிறவர் குழுவில் ஒருவராவது இருப்பார். எட்டுப் பேரை மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூவர் ‘தகிட’ என்று மூன்றுக்கு ஒரு தடவை அசையட்டும். அடுத்த மூவர் ‘தகதிமி’ என்று நான்குக்கு. மிச்ச இருவர் ‘தகதகிட’ என்று ஐந்துக்கு. எண்ணிக்கை மனதுக்குள், வாய் அசையக்கூடாது. நொடிக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்தால், மூன்று குழுவும் ஒரே நேரத்தில் அசைவது அறுபதாவது எண்ணிக்கையில்தான். அதுவரை பார்வையாளர் கண்ணுக்கு ஒழுங்கே பிடிபடாது. சரியாக ஒரு நிமிடம் கழித்து எட்டு மரமும் ஒன்றாகக் கிரெட்டல் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தை வசனத்தோடு பொருத்துங்கள்: ரொட்டித் துண்டுகளைப் பறவைகள் தின்றுவிட்டன என்று ஹான்சல் கண்டுபிடிக்கும் நொடி.

இதைப் பழக்கும்போது முதல் நாள் கைத்தட்டி எண்ணலாம், இரண்டாம் நாள் காலால் தரையைத் தட்டி, மூன்றாம் நாள் மூச்சால். நான்காம் நாள்தான் முழு மௌனம். ஐந்துக்காரர்கள்தான் முதலில் தடம் மாறுவார்கள், ஏனென்றால் பக்கத்திலிருப்பவரின் நான்கு அவர்களை இழுக்கும். ஆகவே அந்த இருவரை மேடையின் ஓரத்தில், மற்றவர் கண்ணில் படாமல் நிறுத்துங்கள்.

அடுப்புக்கு ஆறு பேர் போதும். மும்மூன்றாக இரண்டு வரிசை, நேருக்கு நேர், இடையில் ஒரு மீட்டர் சந்து. முன்னால் நிற்கும் இருவரின் கைகளே கதவு. அடுப்பு எரிகிறது என்று காட்ட விளக்கு வேண்டாம். ஆறு பேரும் வாய் திறந்து ‘ஹா’ என்று கனமாக மூச்சுவிட்டால் போதும், இருவர் இருவராக மாறி மாறி, இடைவெளி இல்லாமல். கிரெட்டல் நெருங்க நெருங்க மூச்சு உரக்க வரும்.

தள்ளுவதில் பாதுகாப்பு முக்கியம். தள்ளுகிறவள் பலம் போடக்கூடாது. தள்ளப்படுகிறவளே தன் உடலை ஓட்டிச் செல்கிறாள். கிரெட்டலின் இரு உள்ளங்கையும் சூனியக்காரியின் மேல்முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே படும், அழுத்தாது. கை பட்ட உணர்வே சமிக்ஞை. சூனியக்காரி தானே மூச்சை வெளியேற்றி, மூன்றடி ஓடி, சந்தின் முடிவில் பாதத்தை ஊன்றிக் குந்துவாள். முழங்காலில் விழக்கூடாது, விழுவது போலத் தெரிய வேண்டுமானால் பாவாடைக்குள் முழங்கால் உறை. முதல் பத்துத் தடவை நடை வேகத்தில், அடுத்த பத்து அரை வேகத்தில், முழு வேகம் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். களைத்த பிறகுதான் கணுக்கால் பிசகும். கோரஸ் வெறுங்காலோடு இருக்கட்டும். பள்ளியின் வெள்ளைக் காலணி ஆறு ஜோடி தெரிந்தால் அடுப்பு அங்கேயே அணைந்துவிடும்.

உடல் வழிக்கு இன்னொரு விலை உண்டு. ஒருவர் காய்ச்சல் என்று வராவிட்டால் எண்ணிக்கை சரியும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மற்றொரு குழுவின் கணக்கையும் கற்றுவைத்திருக்க வேண்டும்.

கட்டியங்காரன் வந்து சொல்லிவிட்டுப் போகட்டுமே?

தெருக்கூத்திலிருந்து கதையைச் சொல்லிச் செல்லும் கட்டியங்காரனை எடுத்து, “கிரெட்டல் அவளைத் தள்ளிவிட்டாள்” என்று சொல்ல வைத்துத் தப்பிக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். தனி வழியாக இது நிற்காது. கண் கேட்பதைக் காதுக்குக் கொடுத்தால் ஏமாற்றம்தான். ஆனால் நிழலுக்கோ கோரஸுக்கோ முன்னால் அவனை நிறுத்தினால் பயனுண்டு, அவன் மேடையில் தெரிவதை மறுபடி சொல்லாதவரை. பிரதியில் அவன் வசனத்தை எடுத்து, பக்கத்தில் காட்சியில் தெரிவதை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போய்விடும், நாடகமும் இரண்டு நிமிடம் இளைக்கும்.

எதை எடுப்பது

பிற்பகல் காட்சி, ஜன்னல் மண்டபம், பெரிய குழு: உடல். மாலைக் காட்சி, இருட்டு, 6 மீட்டர் ஆழம், சின்னக் குழு: நிழல். இரண்டும் வாய்த்திருந்தால்? காட்டுக்கு உடல், அடுப்புக்கு மட்டும் நிழல் என்று கலக்கத் தோன்றும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் 15 மணி நேரம் கேட்கும், உங்களிடம் பன்னிரண்டரைதான். ஆகவே இரண்டு வாய்ப்பும் உள்ள குழுவுக்கு உடலையே சொல்வோம். புரொஜெக்டர் கெட்டால் நாடகம் நின்றுவிடும், மூச்சு கெட்டுப்போவதில்லை. வகுப்பறையில், பகலில், தாழ்வாரத்தில்கூடப் பழகலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். பக்கத்திரையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் வேலை கிடைக்கும்.

முடிவை முதல் வாரத்தின் முதல் ஒத்திகையிலேயே எடுங்கள். இரண்டாம் வாரத்தில் மனம் மாறினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும். புகை இயந்திரம் வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் மண்டபப் பொறுப்பாளரிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். புகை உணர்கருவி அலறி நாடகம் நின்றால் எந்தச் சூனியக்காரியாலும் காப்பாற்ற முடியாது. நிஜ நெருப்பு வேண்டவே வேண்டாம்.

ஆங்கிலத் துணை எழுத்து

தமிழ் தெரியாத நண்பர்களும் ஆசிரியர்களும் வருவார்கள் என்பதால் ஆங்கில வரிகளைத் திரையில் போடுவது இங்கே வழக்கம். நிழல் வழியை எடுத்தவர்களுக்கு இது எதிரி. புரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் சாம்பல். எழுத்தைச் சுற்றியுள்ள ‘கறுப்பு’ச் சதுரமே மேடையில் வெளிச்சம் கொட்டும். மேடை ஓரத்தில் ஒரு தொலைக்காட்சித் திரையில் போடுங்கள், அல்லது அடுப்புக் காட்சியின் ஒன்றரை நிமிடத்துக்கு மட்டும் எழுத்தை நிறுத்தி வில்லையை மூடிவிடுங்கள். அந்த இடத்தில் மொழிபெயர்க்க வேண்டியது எதுவும் இருக்கக்கூடாது.

உச்சரிப்பு

வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கும் மாணவர்கள் இருந்தால், அந்தத் தாளை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆங்கில எழுத்து லகர ளகர ழகரத்தைப் பிரித்துக் காட்டாது. காட்டில் கிரெட்டல், “அண்ணா, வழி தெரியலை” என்று அழ வேண்டும். “வலி தெரியலை” என்று அழுதால் முன்வரிசைத் தாத்தா பாட்டிகள் நல்லதுதானே என்று நினைத்துக்கொள்வார்கள். பிரதி முழுவதையும் திருத்த நேரமில்லை. கதையைத் தாங்கும் 20 சொற்களைப் பொறுக்கி, அவற்றை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் சொல்ல வையுங்கள். வழி, எலும்பு, கிழவி, வாழ, பிழைக்க. பிள்ளைகளுக்குப் பேச்சுத்தமிழ், சூனியக்காரிக்கு எழுத்துத்தமிழ் என்று பிரித்தால் அவள் வேற்று உலகத்து ஆள் என்பது ஒப்பனை இல்லாமலே தெரியும். அந்த ஒரு மாணவியின் உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த ஒன்றரை நிமிடம்

எந்த வழியானாலும் காட்சியின் எலும்புக்கூடு ஒன்றுதான். சூனியக்காரி, “உள்ளே சென்று சூடு போதுமா என்று பார்” என்கிறாள். கிரெட்டல் நகரவில்லை. இங்கே மாணவர்கள் அவசரப்பட்டு அடுத்த வசனத்துக்குத் தாவுவார்கள். மூன்று நொடி நிற்க வையுங்கள். அந்த மூன்று நொடியில்தான் அவள் முடிவெடுக்கிறாள். பிறகு மிகச் சாதாரணமாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக: “எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியலையே பாட்டி. நீங்களே காட்டுங்களேன்.” இந்த வரியில் தந்திரம் தெரிந்தால் சூனியக்காரி முட்டாளாகிவிடுவாள், முட்டாளைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். சூனியக்காரி சலித்துக்கொண்டு குனிகிறாள். கை படுகிறது. அவள் போகிறாள். கதவு மூடுகிறது.

அலறல் வேண்டுமா? பதிவுசெய்த அலறல் கூரையிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும். ஆள் கீழே, குரல் மேலே. சிரிப்பு அங்கேதான் வெடிக்கும். அலறலுக்குப் பதில், பக்கத்திரையில் ஒருவர் காலி பிஸ்கட் டின்மேல் இரும்புத் தட்டை அறைந்து கதவுச் சத்தம் கொடுக்கட்டும். உறுமி வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அதற்கு முந்திய நிமிடம் முழுக்கத் தாழ்ந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்து, தட்டு அறையும் நொடியில் நிறுத்த வேண்டும். கோரஸின் மூச்சும் அதே நொடியில் நிற்க வேண்டும். ஒருவர் கூடுதலாக அரை மூச்சு விட்டாலும் காதில் விழும். ஆகவே இந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் தனியே முப்பது தடவை பழகுங்கள். கிரெட்டலாக நடிப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் கொலை செய்கிற வேலை என்பதை மறந்துவிட வேண்டாம். ஒத்திகை முடிவில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு தடவை சொந்தப் பெயரைச் சொல்லிக் கையை உதறிவிட்டு எழுந்தால் வேடம் பையோடு வீட்டுக்குப் போகாது.

சத்தம் நின்ற பிறகு மௌனம். மேடை நிர்வாகி கடிகாரத்தைப் பார்க்காமல் தன் மூச்சை எண்ணட்டும், கை விளக்குப் பொத்தான்மேல் இருக்கட்டும். இரண்டு நொடி என்றால் பார்வையாளருக்கு நடந்தது உறைக்காது. ஐந்தாவது நொடியில் யாரோ ஒருவர் தாங்க முடியாமல் சிரிப்பார். நான்கில் விளக்கை ஏற்றிவிடுங்கள்.